முக்குளிப்போரின் காற்றுச் சிலிண்டரைத் தேர்ந்தெடுத்தல்

கடல்நீருக்கு அடியில் மனிதனே நேரில் சென்று கண்டறிய வேண்டிய பணிகள் நம் நாட்டில் பல உள்ளன. இலட்சத்தீவுகளிலும் அந்தமான் தீவுகளிலும் பவழத்திட்டுகளின் நிலையைக் கணக்கெடுப்போர், மீன்வளத்தை ஆராய்வோர், துவாரகைக் கடற்பகுதியில் நீருள் கிடக்கும் பழைய கற்களை ஆராய்ந்த தொல்லியல் அறிஞர், துறைமுகங்களில் தூண்களின் அடிப்பகுதியைப் பார்வையிடும் பொறியாளர் முதலிய பலதரப்பட்டவர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீரில் இறங்குகின்றனர். 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோ, எமில் காஞ்ஞான் ஆகிய இருவரும் சேர்ந்து, முக்குளிப்பவர் மூச்சிழுக்கும்போது மட்டும், அவர் இருக்கும் ஆழத்திற்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றை வழங்கும் ரெகுலேட்டரை அமைத்தனர். இன்று ஸ்கூபா என வழங்கும் முக்குளிப்பு முறை அதிலிருந்தே பரவிற்று.

இக்கருவித் தொகுதியில் மிக எளிய உறுப்பாகத் தோன்றுவது சிலிண்டரே. அதில் அசையும் பகுதி எதுவும் இல்லை. அது கழுத்துள்ள ஓர் உலோகக் குடுவை, அவ்வளவே. ஆதலின் அதைத் தேர்ந்தெடுப்பதில் நுணுக்கம் ஏதுமில்லை என்று கருதுவது இயல்பு. அரசு அலுவலகங்களில் சிலிண்டரை வாங்குபவர் ஒருவர், அதைச் சுமந்து நீரில் இறங்குபவர் வேறொருவர். வாங்குபவரின் முன்னுள்ள தாளில் கொள்ளளவும் விலையும் தெளிவாகத் தெரியும், மற்றவை தெரியா. ஆனால் நீருக்கடியில் உயிரைக் காப்பனவும் கெடுப்பனவும் பெரும்பாலும் அந்த மற்றவையே. அவற்றைக் களப்பணியாளர்க்கும், இதனைப் பௌதிகப் பாடத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளக்கூடிய ஆசிரியர்க்கும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே இருப்பது எது?

முதற்கண் ஒரு பெயர்ப் பிழையைக் களைய வேண்டும். முக்குளிப்பவர் முதுகிலிருப்பதை 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' என்று செய்தித்தாள்களிலும் பேச்சிலும் குறிப்பிடுகின்றனர். சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் அன்று. நாம் சுவாசிக்கும் காற்றே வடிகட்டப்பட்டு, ஈரம் நீக்கப்பட்டு, அழுத்தி அடைக்கப்பட்டுள்ளது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு ஆக்ஸிஜன்; 78 பங்கு நைட்ரஜன்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தூய ஆக்ஸிஜனை உயர்ந்த அழுத்தத்தில் சுவாசித்தால் அது நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் 1.6 பாருக்கு மேற்படலாகாது என்பது முக்குளிப்போர் கைக்கொள்ளும் மேல்வரம்பு. தூய ஆக்ஸிஜனைச் சுவாசிப்பவர் ஏறத்தாழ 6 மீட்டர் ஆழத்திலேயே இவ்வரம்பை எட்டிவிடுவார். நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலுள்ள குழல் நழுவும். அதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. பெயரை நம்பி, மருத்துவமனைக்கு ஆக்ஸிஜன் வழங்கும் நிலையத்தில் இச்சிலிண்டரை நிரப்பக் கொடுத்தல் பெருந்தவறு. மேலும், எண்ணெய்ப் பிசுக்குள்ள வால்வில் அழுத்தப்பட்ட ஆக்ஸிஜன் பாய்ந்தால் தீப்பற்றவும் கூடும். ஆக்ஸிஜன் மிகுதியாகக் கலந்த 'நைட்ராக்ஸ்' என்னும் கலவைக் காற்றையும் சிலர் பயன்படுத்துகின்றனர். அதற்கெனத் தூய்மை செய்து, பெயரும் விகிதமும் எழுதி ஒட்டிய தனிச் சிலிண்டர்கள் வேண்டும். பூசிய நிறத்தைக் கண்டு உள்ளிருப்பதை முடிவு செய்தல் ஆகாது.

எவ்வளவு காற்று தேவை?

சிலிண்டரின் அளவைக் கூறுவதில் இரு வழக்குகள் உள்ளன. ஐரோப்பிய வழக்கில், வெற்றுச் சிலிண்டரில் எத்தனை லிட்டர் நீர் கொள்ளுமோ அதுவே அதன் அளவு. அமெரிக்க வழக்கில், முழு அழுத்தத்தில் நிரப்பிய காற்றை வெளியே விட்டால் எத்தனை கனஅடி இடத்தை அடைக்குமோ அதுவே அளவு. உலகெங்கும் மிகுதியாகக் காணப்படும் '80 கனஅடி' அலுமினியச் சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு 11.1 லிட்டர்; அதன் பணியழுத்தம் 207 பார், அதாவது சதுர அங்குலத்திற்கு 3,000 பவுண்டு. உண்மையில் அது 77 கனஅடிக்குச் சற்றே கூடுதலான காற்றைக் கொள்ளும். விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது ஒருவர் லிட்டரிலும் மற்றவர் கனஅடியிலும் எழுதியிருந்தால், இரண்டையும் நீர்க்கொள்ளளவு, பணியழுத்தம் என்னும் இரு எண்களாக மாற்றிக்கொண்ட பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

ஆழம் மிக மிகக் காற்றின் செலவும் மிகும். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. பாயில் விதிப்படி, அழுத்தம் இருமடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாகும். நுரையீரலை நிரப்ப வேண்டிய கன அளவோ மாறுவதில்லை. ஆகவே மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டரும், 20 மீட்டரில் 60 லிட்டரும், 30 மீட்டரில் 80 லிட்டரும் செலவிடுவார். குளிர், அச்சம், நீரோட்டத்தை எதிர்த்து நீந்துதல் ஆகியவற்றால் இது மேலும் உயரும்.

சிலிண்டரிலுள்ள காற்று முழுவதையும் செலவிடத்தக்கது என்று கணக்கிடலாகாது. மேலே வருவதற்கும், இடையில் நிற்பதற்கும், எதிர்பாராத இடர்களுக்கும், தேவை நேரின் துணைவர்க்குக் கொடுப்பதற்கும் 50 பார் அளவு மிச்சம் வைப்பது நல்ல வழக்கம். எனவே 200 பாருக்கு நிரப்பிய சிலிண்டரில் செலவிடத்தக்கது 150 பாரே. இந்த 150-ஐ நீர்க்கொள்ளளவால் பெருக்கி, நிமிடச் செலவால் வகுத்தால் கிடைக்கும் கால அளவு பின்வருமாறு:

10 லிட்டர் சிலிண்டர்: 10 மீட்டரில் 37 நிமிடம், 20 மீட்டரில் 25 நிமிடம், 30 மீட்டரில் 18 நிமிடம்.

11.1 லிட்டர் சிலிண்டர்: 10 மீட்டரில் 41 நிமிடம், 20 மீட்டரில் 27 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம்.

12 லிட்டர் சிலிண்டர்: 10 மீட்டரில் 45 நிமிடம், 20 மீட்டரில் 30 நிமிடம், 30 மீட்டரில் 22 நிமிடம்.

15 லிட்டர் சிலிண்டர்: 10 மீட்டரில் 56 நிமிடம், 20 மீட்டரில் 37 நிமிடம், 30 மீட்டரில் 28 நிமிடம்.

இக்கணக்கைப் பார்த்தவுடன் பெரிய சிலிண்டரே சிறந்தது என்று தோன்றலாம். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் இடைநிறுத்தமின்றி மேலே வரத்தக்க கால அளவாக வழக்கமான அட்டவணைகள் தருவது ஏறத்தாழ 20 நிமிடமே. அதற்கு மேல் தங்கினால் உடலின் திசுக்களில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழிகளாகி நோயை உண்டாக்கும் வாய்ப்பு மிகும். சிறிய சிலிண்டர் உடையவரைக் காற்றுக் குறைவே மேலே அனுப்பிவிடும். பெரிய சிலிண்டர் உடையவர் தாமே கடிகாரத்தைப் பார்த்துப் புறப்பட வேண்டும். ஆழமற்ற இடத்தில் நீண்டநேரம் வேலை செய்வோர்க்கும், இயல்பாகவே மிகுதியாகச் சுவாசிப்போர்க்கும் பெரிய சிலிண்டர் ஏற்றது. ஆழத்தில் நெடுநேரம் தங்குவதற்கு அதை வாயிலாகக் கொள்ளலாகாது.

300 பார் அழுத்தத்திற்குரிய சிலிண்டர்களும் உண்டு. ஆயினும் அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் காற்று பாயில் விதிக்கு முற்றிலும் உட்படுவதில்லை. 300 பாரில் அடைத்த காற்று, கணக்கின்படி இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும். அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்குவதால் காற்றும் ஒன்றரை மடங்காகும் என்று எண்ணிப் பணம் செலவிடுவோர் இதை நினைவிற் கொள்க.

எஃகா, அலுமினியமா?

சிலிண்டர்கள் பெரும்பாலும் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகாலோ, அலுமினியக் கலப்பு உலோகத்தாலோ செய்யப்படுகின்றன. எஃகு கனமானது, அலுமினியம் இலேசானது என்று பள்ளியில் படித்தவர், அலுமினியச் சிலிண்டர் சுமப்பதற்கு எளிது என்று எதிர்பார்ப்பார். உண்மை அவ்வாறன்று. அலுமினியம் வலிமையில் குறைந்ததாதலின் சுவரைத் தடிப்பாக அமைக்க வேண்டியுள்ளது. 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் வால்வு நீங்கலாக ஏறத்தாழ 14.3 கிலோகிராம் எடையுள்ளது. 12 லிட்டர் எஃகுச் சிலிண்டரும் ஏறத்தாழ 14 கிலோகிராமே. கரையில் இரண்டிற்கும் வேறுபாடு சிறிது. நீரில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது.

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கொண்டு இதனை வகுப்பிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஆகவே 14.3 கிலோகிராம் உலோகத்தின் கன அளவு 5.3 லிட்டர். உட்கொள்ளளவு 11.1 லிட்டரையும் கூட்டினால் சிலிண்டர் 16.4 லிட்டர் கடல்நீரை விலக்குகிறது. அந்நீரின் எடை 16.8 கிலோகிராம். வால்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், காலியான சிலிண்டர் ஏறத்தாழ 1.8 கிலோகிராம் அளவுக்கு மேலே மிதக்க முயலும். நிரப்பிய காற்றின் எடை ஏறத்தாழ 2.6 கிலோகிராம்; எனவே நிரம்பிய சிலிண்டர் 0.8 கிலோகிராம் அளவுக்கு மூழ்கும். எஃகின் அடர்த்தியோ 7.8. அதே முறையில் கணக்கிட்டால், 12 லிட்டர் எஃகுச் சிலிண்டர் காலியான பின்னரும் சுமார் அரைக் கிலோகிராம் அளவுக்கு மூழ்கும் தன்மை உடையதாகவே இருக்கும்.

இதன் பயன் என்ன? இறங்கும்போது நீரில் சமநிலையில் இருந்த ஒருவர், அலுமினியச் சிலிண்டரின் காற்றைச் செலவிட்டபின் மேல்நோக்கித் தூக்கப்படுகிறார். மேற்பரப்புக்கு அருகில், மெதுவாக வர வேண்டிய நேரத்தில், இத்தூக்கம் கேடு விளைவிக்கும். அதனால் அவர் தொடக்கத்திலேயே இடுப்பில் இரண்டு கிலோகிராம் அளவு ஈயம் கூடுதலாகக் கட்டிக்கொள்ள வேண்டும். எஃகுச் சிலிண்டர் உடையவர்க்கு அவ்வீயம் வேண்டுவதில்லை. ஆனால் வெப்பமான நம் கடல்களில் மெல்லிய உடையணிந்து இறங்குவோர்க்குக் கனத்த எஃகுச் சிலிண்டர் அளவுக்கு மீறிய சுமையாகவும் முடியலாம்; ஈயத்தைக் கழற்றி எறிவது போலச் சிலிண்டரைக் கழற்றி எறிய இயலாது. சிலிண்டரின் உலோகத்தை மாற்றுவோர் தம் ஈயத்தின் அளவையும் ஆழமற்ற நீரில் சிலிண்டர் ஏறத்தாழக் காலியாயிருக்கும் நிலையில் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

துருவைப் பொறுத்தும் இரண்டும் வேறுபடும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்ஸைடுப் படலம் உள்ளிருக்கும் உலோகத்தைப் பெரும்பாலும் காக்கும். எஃகின் துருவோ உதிர்ந்து, புதிய பரப்பைக் காட்டி, மேலும் துருப்பிடிக்கச் செய்யும். சிலிண்டரினுள் சிறிது உப்புநீர் புகுந்தாலும் உயர்ந்த அழுத்தத்திலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து அது எஃகை விரைவாக அரிக்கும். அரிப்பினால் சுவர் மெலிவது ஒரு கேடு. துருப்பிடித்தலில் ஆக்ஸிஜன் செலவாவது இரண்டாவது கேடு. ஈரமுள்ள எஃகுச் சிலிண்டரை நிரப்பிப் பல மாதங்கள் வைத்திருந்தால், அதிலுள்ள காற்று உயிரைக் காக்கும் ஆற்றலை இழந்திருக்கக் கூடும். ஈரமாக்கிய இரும்புத்தூளைச் சோதனைக் குழாயில் ஒட்டவைத்து நீரில் கவிழ்த்தால், சில நாட்களில் நீர் குழாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்வதை மாணவர் கண்டிருப்பர். அங்கே நிகழ்வதே இங்கும் நிகழ்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு. இதனைத் தவிர்க்கச் சிலிண்டரை ஒருபோதும் முற்றிலும் காலியாக விடாமல் சிறிது அழுத்தத்தை மிச்சம் வைத்தல் வேண்டும். நெடுங்காலம் கிடந்த காற்றை வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும்.

அலுமினியச் சிலிண்டரின் அடி தட்டையானது. அது தானே நிற்கும். எஃகுச் சிலிண்டரின் அடி பெரும்பாலும் உருண்டையாதலின் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் காலுறை அணிவிக்கப்படும். அக்காலுறைக்குள் உப்புநீர் தங்கி வெளிப்புறத்தை அரிக்கும். பணி முடிந்ததும் காலுறையைக் கழற்றி நன்னீரில் கழுவுதல் அவசியம்.

வால்வும் திருகும்

வால்வில் இரு வகைகள் பரவலாக உள்ளன. ஒன்றில் ரெகுலேட்டரை வால்வின்மேல் கவ்வியால் இறுக்குவர்; இது 232 பார் வரையிலான அழுத்தத்திற்கு உரியது. மற்றது 'டின்' எனப்படும் ஜெர்மானியத் தர முறை. இதில் ரெகுலேட்டர் வால்வினுள் திருகப்படுகிறது. ரப்பர் வளையம் உள்ளே சிறைப்பட்டிருப்பதால் பிதுங்கி வெளியேறுவதில்லை. 300 பார் சிலிண்டர்களுக்கு இதுவே உரியது. ஒரே குழுவில் இரு வகையும் கலந்திருந்தால், துணைவரின் சிலிண்டரைத் தம் ரெகுலேட்டருடன் பொருத்த இயலாமற்போகும். ஆகவே எவ்வகையாயினும் ஒரே வகையாக இருத்தல் நன்று.

இதைவிட முக்கியமானது வால்வு சிலிண்டரின் கழுத்தில் பொருந்தும் திருகு. மெட்ரிக் முறையில் 25 மில்லிமீட்டர்த் திருகும், பழைய முறையில் முக்கால் அங்குலத் திருகும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒத்திருக்கும். மெட்ரிக் வால்வை முக்கால் அங்குலக் கழுத்தில் திருகினால் அது ஏறத்தாழப் பொருந்துவது போலவே உள்ளே செல்லும். ஆனால் மரைகள் போதிய அளவு பற்றிக்கொள்ளா. அழுத்தம் ஏறும்போது வால்வு குண்டுபோலப் பறந்து எதிரிலிருப்பவரைத் தாக்கும். இத்தகைய விபத்துகள் நிகழ்ந்துள்ளன. வால்விலும் கழுத்திலும் பொறித்துள்ள திருகுக் குறியீடுகளை ஒப்பிட்டுப் பாராமல் வால்வை மாற்றுதல் கூடாது.

தோளில் பொறித்த எழுத்துகள்

நிரம்பிய ஒரு சிலிண்டரில் அடங்கியுள்ள ஆற்றல் எவ்வளவு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 11.1 லிட்டர் கொண்ட, 207 பாருக்கு நிரப்பிய சிலிண்டர் திடீரென வெடித்தால் வெளிப்படக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 4.5 இலட்சம் ஜூல் என்று கணக்கிடலாம். இது, ஒரு டன் எடையுள்ள மோட்டார் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்லும்போது பெற்றுள்ள ஆற்றலுக்கு ஒப்பாகும். இந்த ஆற்றலை அடக்கிவைத்திருப்பது சில மில்லிமீட்டர்த் தடிப்புள்ள சுவரே. அச்சுவரின் வரலாறு சிலிண்டரின் தோளில் எழுதப்பட்டிருக்கிறது.

உற்பத்தியாளரின் குறி, வரிசை எண், உலோகத்தையும் தரத்தையும் காட்டும் குறியீடு, நீர்க்கொள்ளளவு, வெற்று எடை, பணியழுத்தம், சோதனை அழுத்தம், முதற் சோதனையின் மாதமும் ஆண்டும், பின்னர் நடந்த சோதனைகளின் நாட்கள் ஆகியவை அங்குப் பொறிக்கப்படும். இவற்றுள் இறுதியாக உள்ள சோதனை நாளே வாங்குவோரும் நிரப்புவோரும் முதலில் காண வேண்டியது.

சோதனைக்குச் சிலிண்டரை நீரால் நிரப்பிப் பணியழுத்தத்தினும் மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்துவர். 207 பார் அலுமினியச் சிலிண்டருக்கு அமெரிக்க விதிப்படி சோதனை அழுத்தம் 345 பார். அப்போது சுவர் சிறிது விரியும். அழுத்தத்தை நீக்கியதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். குறித்த அளவுக்கு மேல் நிலையான விரிவு எஞ்சினால் அச்சிலிண்டர் கழிக்கப்படும். காற்றைக் கொண்டு சோதிக்காமல் நீரைக் கொண்டு சோதிப்பது ஏன் என்பது மாணவரிடம் கேட்கத்தக்க வினா. நீர் ஏறத்தாழச் சுருங்காத பொருள்; அதில் ஆற்றல் மிகுதியாகத் தேங்குவதில்லை; சோதனையின்போது சிலிண்டர் பிளந்தாலும் வெடிப்பு நிகழ்வதில்லை. அமெரிக்காவில் இச்சோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தப்படுகிறது. ஆண்டுதோறும் வால்வைக் கழற்றி உட்புறத்தை விளக்கொளியில் பார்வையிடுவதும் அங்கு வழக்கம். நம் நாட்டில் சிலிண்டர்களின் உற்பத்தி, இறக்குமதி, நிரப்புதல், வைத்திருத்தல் ஆகியவை வாயுச் சிலிண்டர் விதிகள், 2016-இன்படி நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாட்டில் உள்ளன. அதன் தலைமைக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் பெறாத வகைச் சிலிண்டரை, அது வெளிநாட்டில் எத்துணைச் சிறந்ததாகக் கருதப்பட்டாலும், இங்கு நிரப்புதல் விதிக்கு மாறானது. விலை மலிவென்று கருதி, ஒப்புதல் தாளின்றிச் சிலிண்டரை வாங்கும் அலுவலகம், நிரப்ப இயலாத பொருளை வாங்கியதாகும்.

பழைய அலுமினியச் சிலிண்டர்களைப் பற்றித் தனியாகக் கூற வேண்டும். முன்னாளில் 6351 என்னும் எண்ணுள்ள கலப்பு உலோகத்தால் பல சிலிண்டர்கள் செய்யப்பட்டன. நெடுங்காலம் அழுத்தத்தைத் தாங்கிய அவற்றுள் சிலவற்றில் கழுத்து மரைகளிலும் தோளிலும் வெடிப்புக்கீறல்கள் தோன்றின. சில சிலிண்டர்கள் நிரப்பும்போதே பிளந்து, அருகிலிருந்தோர் படுகாயமுற்றனர். 1980-களின் இறுதி முதல் உற்பத்தியாளர்கள் 6061 என்னும் வேறொரு கலப்பு உலோகத்திற்கு மாறினர். பழைய வகையைத் தொடர்ந்து பயன்படுத்துவோர், மறுசோதனையின்போது சுழல் மின்னோட்ட முறையில் கழுத்தை ஆராய வேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்துள்ளது. 1990-க்கு முற்பட்ட நாள் பொறித்த அலுமினியச் சிலிண்டர் இலவசமாகக் கிடைத்தாலும் அலுவலகப் பணிக்கு ஏற்காதிருப்பதே அறிவுடைமை. தீயில் அகப்பட்ட சிலிண்டரையும், வர்ணத்தைச் சூளையில் சுட்டுக் காயவைத்த அலுமினியச் சிலிண்டரையும் அவ்வாறே விலக்க வேண்டும். வெப்பம் உலோகத்தின் வலிமையைக் குறைத்திருக்கும்.

நிரப்பும் இடம்

சிலிண்டரின் மீது எழுதிய அழுத்தம் ஒன்று. களத்தில் கம்ப்ரெஸர் தரக்கூடிய அழுத்தம் மற்றொன்று. பணியிடத்திலுள்ள கம்ப்ரெஸர் 200 பாருக்கு மேல் நிரப்பாது என்றால், 300 பார் சிலிண்டரை அங்குக் கொண்டுசெல்வதில் பயனில்லை. கனத்த சுவரைச் சுமந்ததே மிச்சம்.

அவசரமாக நிரப்பிய சிலிண்டர் சூடாகும். 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 207 பார் காட்டிய சிலிண்டர், 30 பாகைக்கு ஆறியதும் ஏறத்தாழ 188 பாரே காட்டும். ஆகவே ஆறிய பின் அழுத்தத்தை மீண்டும் அளந்து குறித்தல் வேண்டும். படகில் வெயிலில் கிடக்கும் சிலிண்டரில் இதற்கு எதிர்மாறாக, ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.7 பார் அழுத்தம் ஏறும். நிழலில் வைப்பதும், உருளாமல் கட்டி வைப்பதும் வழக்கமாதல் வேண்டும்.

கம்ப்ரெஸர் காற்றை உள்ளிழுக்கும் வாய், எஞ்சினின் புகைபோக்கிக்கு அருகில் இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே புகும். அது நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. மேற்பரப்பில் தீங்கு செய்யாத அளவும் 30 மீட்டர் ஆழத்தில் நான்கு மடங்கு அழுத்தத்தில் சுவாசிக்கப்படும். இதனாலேயே மூச்சுக்காற்றுக்கான ஐரோப்பியத் தரம் பத்து இலட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் கார்பன் மோனாக்ஸைடை அனுமதிப்பதில்லை. எண்ணெய் நாற்றம் வீசும் காற்றை எவரும் ஏற்கலாகாது. நாற்றம் இல்லாமை மட்டுமே காற்று தூயது என்பதற்குச் சான்றும் ஆகாது. வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றியதற்கான பதிவைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

இலட்சத்தீவுகளில் பவழத்திட்டின் வெளிச்சரிவில் 12 மீட்டர் ஆழத்தில் கணக்கெடுக்க நால்வர் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு இருமுறை, முறைக்கு 40 நிமிடம் கீழே இருக்க வேண்டும். 12 மீட்டரில் அழுத்தம் 2.2 மடங்கு, எனவே நிமிடச் செலவு 44 லிட்டர். 11.1 லிட்டர் சிலிண்டர் 200 பாரில் மிச்சம் நீங்கலாகத் தருவது 38 நிமிடம். 12 லிட்டர் சிலிண்டர் தருவது 41 நிமிடம். பின்னதே பொருந்தும். ஆனால் அங்குள்ள கம்ப்ரெஸர் 160 பார் வரையே நிரப்பும் என்றால், அதே 12 லிட்டர் சிலிண்டர் தருவது 30 நிமிடமே. அப்போது 15 லிட்டர் சிலிண்டர் வேண்டும். அது 37 நிமிடம் தரும். அல்லது கணக்கெடுக்கும் கோட்டின் நீளத்தைக் குறைக்க வேண்டும். மாலையில் மட்டுமே நிரப்ப இயலுமானால் எட்டுச் சிலிண்டர்களும், பழுதுக்கு ஈடாக இரண்டும் தேவை. விமானத்தில் கொண்டுசெல்வதாயின் அவற்றைக் காலி செய்து வால்வைத் திறந்துகாட்ட வேண்டியிருக்கும். ஆகவே சேரும் இடத்தில் நிரப்பும் வசதி உண்டா என்பதை முன்னரே உறுதி செய்தல் வேண்டும். ஆழமற்ற காயலுக்குள் மட்டுமே பணியென்றால் சிலிண்டரே தேவையில்லாமலும் போகலாம்; முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் போதும்.

இவ்வாறு பணியின் ஆழம், கால அளவு, நிரப்பும் வசதி ஆகிய மூன்றையும் முதலில் எழுதிக்கொண்டு, அவற்றிலிருந்து நீர்க்கொள்ளளவையும் அழுத்தத்தையும் வருவித்து, பின்னர் உலோகத்தையும் வால்வையும் முடிவு செய்து, இறுதியில் விலையைப் பார்ப்பதே முறை. விலையிலிருந்து தொடங்கினால் மற்றவை எல்லாம் விலைக்கு ஏற்ப வளைந்துகொடுக்க நேரும். பெரும்பாலான துறைப் பணிகளுக்கு 11 அல்லது 12 லிட்டர் கொண்ட, ஒரே வகை வால்வுள்ள, ஒப்புதல் தாளும் அண்மைச் சோதனை நாளும் உடைய சாதாரணச் சிலிண்டர்களே போதுமானவை. அரிய வகைகளை நாடாமல் மிஞ்சும் பணத்தை ஆண்டுப் பார்வைக்கும், நீரழுத்தச் சோதனைக்கும், வடிகட்டிகளுக்கும் ஒதுக்குதல் நலம்.

வாங்கிய நாள் முதல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய பதிவேடு இருத்தல் வேண்டும். வரிசை எண், சோதனை நாட்கள், உட்புறம் பார்வையிட்ட நாள், நிரப்பிய இடம், கீழே விழுந்த அடி, மாற்றிய வால்வு ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். நீரில் இறங்குபவர் அப்பக்கத்தைப் படகில் ஏறுமுன் காண உரிமை உடையவர். பதிவில் ஐயம் தோன்றினால் அச்சிலிண்டரை அவர் மறுக்கலாம். அம்மறுப்பைப் பணி மறுப்பாகக் கொள்ளாமல், சிலிண்டரை ஒதுக்கி வைத்துச் சோதனைக்கு அனுப்புவது மேலதிகாரியின் கடமை. ஒரு நாளைய கணக்கெடுப்பு தவறினால் அதனை மறுநாள் நடத்திக்கொள்ளலாம்.